நார்பர்ட்டின் செவ்வாய்க்கிழமை

நார்பர்ட் யான்கோவியாக்கிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு வார்த்தை. செவ்வாய்க்கிழமை.

தண்ணீர் வேண்டுமா, செவ்வாய்க்கிழமை. டிவி சத்தத்தைக் குறைக்க வேண்டுமா, செவ்வாய்க்கிழமை. பக்கத்து வீட்டு நாய் பூச்செடி மேல் காலைத் தூக்கினால், கழுத்து நரம்பு புடைக்க, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை. நாய் தன் வேலையை நிதானமாக முடித்துவிட்டுத்தான் போகும்.

பிப்ரவரியில் தலைக்குள் எங்கோ ரத்தம் அடைத்துக்கொண்டது. தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாள் அது. பே சிட்டியில் போலந்துக்காரர் வீடு ஒன்று பாக்கியில்லாமல் ஜாம் வைத்துப் பொரித்த பூன்ச்கி உருண்டைகளைத் தின்று தீர்க்கிற செவ்வாய்க்கிழமை. நார்பர்ட் ஒன்றை வாயிலும் ஒன்றைக் கையிலுமாக கராஜில் தன் காருக்கு அடியில் படுத்திருந்தார். கையில் இருந்தது கீழே விழுந்தது. எடுக்கப் போனார், வலது கை வரவில்லை. வலது காலும் வரவில்லை. மனைவி எலைனைக் கூப்பிட வாயைத் திறந்தபோது வந்ததுதான் அந்த வார்த்தை. விழுந்த அன்றைக்கு என்ன கிழமையோ அந்தக் கிழமையிலேயே மனுஷன் நின்றுபோனார் என்று எலைன் சொல்வாள். டாக்டர் வேறு என்னவோ நீளமாகச் சொன்னார். எலைன் சொன்னதுதான் எல்லோருக்கும் புரிந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், உள்ளே எல்லாம் பழையபடியே இருந்தது. 'ஜன்னலைச் சாத்து, குளிருது' என்பது மண்டைக்குள் முழு வாக்கியமாகத் தயாராகும். பல்லுக்குப் பின்னால் வரை சட்டை பேன்ட் போட்டுக்கொண்டு ஒழுங்காக நடந்து வரும். வாசலைத் தாண்டும்போது மட்டும் செவ்வாய்க்கிழமையாகிவிடும். எழுதிக் காட்டலாம் என்றால் வலது கை செத்துக் கிடந்தது, இடது கைக்கோ எழுத்துக்கள் மறந்திருந்தன. ஆமாம் என்று தலையாட்ட நினைத்தால் தலை சில சமயம் இல்லை என்று ஆடியது. அறுபத்தோரு வயது மனிதரை அவருக்குள்ளேயே போட்டுப் பூட்டி, சாவியைச் சாக்கடையில் எறிந்த மாதிரி.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் அந்த வாயை மூட வைக்க ஆலையில் ஆள் கிடையாது. இன்ஜின் வால்வு செய்கிற ஆலையில் முப்பது வருஷம். மேஸ்திரியின் கையுறைக்குள் கிரீஸ் நிரப்பியவர் அவர்தான். யாருடைய சாப்பாட்டுப் பெட்டியாவது மேசையோடு வெல்ட் ஆகியிருந்தால் விசாரணையே வேண்டியதில்லை, நேராக நார்பர்ட்டிடம் வருவார்கள். அவருடைய பெயர்போன வித்தை தண்ணீர்த் தம்ளர். தம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, மேலே ஓர் அட்டையை வைத்து, தலைகீழாகக் கவிழ்த்து மேசையில் வைத்து, அட்டையை மெல்ல உருவிவிடுவார். தண்ணீர் உள்ளேயே நிற்கும். தம்ளரை எடுக்கிறவன் மடி நனையும். எடுக்காமலும் இருக்க முடியாது. மைத்துனன் டுவெய்னின் கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண் மேசையில் வரிசையாக இதைச் செய்து வைத்துவிட்டு, நல்ல பிள்ளை மாதிரி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். புதுப்பெண் எழுந்து நின்றபோது வெள்ளை கவுன் முழங்கால் வரை ஈரம். நார்பர்ட் முகத்தில் எதுவும் தெரியவில்லை. வாயின் இடது ஓரம் மட்டும் ஒரு மயிரிழை மேலே போயிருந்தது. அதை எலைன் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்த ஓரத்தைப் பார்த்தே வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டாள்.

கார் எழுபதாம் வருஷத்து ஷெவெல். பச்சை நிறம், எட்டு சிலிண்டர், முன்னால் மூன்று பேர் ஒட்டி உட்காரும் நீள சீட். கிளப்பினால் தெருவில் ஜன்னல் கண்ணாடிகள் பேசிக்கொள்ளும். ஓடுவதற்குப் பிறந்த வண்டி. நிற்பதைப் பற்றி அது அதிகம் கவலைப்பட்டதில்லை.

கல்யாணமான புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை, மழை. சர்ச் கூடத்தில் மீன் வறுவல் விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எலைன் மடியில் துணி மூடிய பியரோகி கொழுக்கட்டைப் பாத்திரம். ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் மணி அடித்து, கப்பலுக்கு வழிவிடப் பாலம் தூக்கப்போகிறது என்று தடுப்புக் கட்டை இறங்கியது. நார்பர்ட் பிரேக்கை மிதித்தார். டிரம் பிரேக்குக்குள் மழைத்தண்ணீர் போயிருந்தது. வண்டி தன்பாட்டுக்குப் போய், மூக்கைத் தடுப்புக் கட்டைக்கு அடியில் நுழைத்துக்கொண்டுதான் நின்றது. கட்டையின் சிவப்புப் பெயின்ட் பானெட் மேல் கோடு போட்டிருந்தது. அந்தப் பக்கம் ரோடு எழுந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எலைன் கதவைத் திறந்து, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, மழையில் வீடு வரைக்கும் நடந்தே போனாள்.

காரை விற்கச் சொன்னதில்லை, குத்திக்காட்டியதும் இல்லை. அதற்கப்புறம் அதில் ஏறவில்லை, அவ்வளவுதான். பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குக்கூட அண்டை வீட்டுக்காரர் வண்டியில்தான் போனாள். சில வருஷம் முன்பு நார்பர்ட் முன் சக்கரங்களுக்கு மழையிலும் பிடிக்கிற டிஸ்க் பிரேக் போட்டுவிட்டுப் பெருமையாகக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பின்னாடி?" என்று கேட்டாள்.

"பின்னாடி டிரம்தான். அது போதும்."

"அப்ப எனக்கு வாசல்ல நின்னு டாட்டா காட்டறதே போதும்."

அப்படித்தான் இந்தப் பனிக்காலத்தில் பின் சக்கரத்துக்கான டிஸ்க் பிரேக் செட் பெட்டியில் வந்து இறங்கியது. நார்பர்ட் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி இரும்பு ஸ்டாண்டில் நிறுத்தி, பழைய டிரம்மைக் கழற்றிப் போட்டார். அதோடு வந்தது செவ்வாய்க்கிழமை. காரும் அவரும் ஒரே நாளில் நின்றுபோனார்கள்.

மிச்ச வேலையை டுவெய்ன் எடுத்துக்கொண்டான். எலைனின் தம்பி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன், நல்லவன். ஞாயிற்றுக்கிழமை தோறும் பூசை முடிந்து நேராக வந்துவிடுவான். நார்பர்ட்டைச் சக்கர நாற்காலியோடு கராஜ் வாசலில் நிறுத்திவிட்டு, அவர் கேட்கிறாரா இல்லையா என்ற கவலையே இல்லாமல் பேசிக்கொண்டே வேலை செய்வான். பேச்சில் இடைவெளியே இருக்காது. இருந்தாலும் அதில் நுழைக்க நார்பர்ட்டிடம் என்ன இருந்தது? அச்சைக் கழற்ற பின்பக்க மூடியைத் திறந்தபோது, அழுகின முட்டை நாற்றமடிக்கிற கியர் ஆயில் தட்டில் பாதியும் டுவெய்ன் சட்டையில் பாதியுமாக ஊற்றியது. அன்றைக்கு எலைன் அவனை வீட்டுக்குள் விடவில்லை. கில்பாசா சாசேஜை ரொட்டியில் சுருட்டி ஜன்னல் வழியாகக் கொடுத்தாள்.

அதுவரை நார்பர்ட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்துத்தான் இருந்தன. காலிப்பர் பூட்டுகிற ஞாயிறு வந்ததும் கெட்டது.

காலிப்பர் என்பது டிஸ்க் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்பு வாய். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். அதில் குட்டியாக ஒரு திருகு உண்டு. பைப்பில் பிரேக் ஆயிலோடு மாட்டிக்கொண்ட காற்றை அந்தத் திருகைத் திறந்துதான் வெளியே விடவேண்டும். காற்று மேலே போகிற ஜாதி. அதனால் திருகும் மேலே இருக்க வேண்டும். டுவெய்ன் இரண்டையும் பையிலிருந்து எடுத்து, துடைத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு சோடா குடித்துவிட்டு வந்து, இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டினான். மாட்ட முடிந்ததுதான் வினை. போல்ட் அழகாக இறங்கியது. திருகு இரண்டும் தரையைப் பார்த்தன.

நார்பர்ட் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை" என்றார்.

"ஞாயித்துக்கிழமை, மச்சான்" என்றான் டுவெய்ன், நிமிராமலே.

இடது கையை நீட்டிச் சக்கரத்தைக் காட்டினார். டுவெய்ன் திரும்பிப் பார்த்து, வேலை சூப்பராக வந்திருப்பதாக மச்சானே சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, ஸ்பேனரால் சல்யூட் வைத்தான்.

அடுத்த சனிக்கிழமை ஊரில் பழைய கார் ஊர்வலம். ஒவ்வொரு ஜூனிலும் நடப்பது. இந்தக் கரையில் புறப்பட்டு, பாலத்தைத் தாண்டி, அந்தக் கரையில் போய் நிற்கும். அந்த ஞாயிறு இரவு சாப்பாட்டு மேசையில் எலைன் உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே, பெரிய விஷயம் எதுவும் சொல்லாத மாதிரி சொன்னாள், டுவெய்ன் ஓட்டட்டும், நார்பர்ட் ஜன்னலோரம், நான் நடுவில் உட்கார்ந்துகொள்கிறேன். பின்னாலும் டிஸ்க் போட்டாகிவிட்டதே.

நார்பர்ட்டின் முள்கரண்டி தட்டில் விழுந்தது. எலைன் அதைத் துடைத்துக் கையில் கொடுத்தாள்.

காற்று உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். முன் சக்கரம் பிடிக்கும்தான். ஆனால் மிதித்த மிதியில் பாதியை அந்தக் காற்று தின்றுவிடும். பெடல் பஞ்சுக்குள் போகிற மாதிரி போய்க்கொண்டே இருந்து கடைசியில்தான் பிடிக்கும். அந்தக் கடைசி எங்கே இருக்கும் என்றும் அவருக்குத் தெரியும். தடுப்புக் கட்டைக்கு அந்தப் பக்கம். இத்தனை வருஷம் ஏறாதவள், ஏறுகிற அன்றைக்கு.

அந்த வாரம் அவர் செய்யாததில்லை. பேச்சுப் பயிற்சிக்காரி கொடுத்துவிட்டுப் போன படப்பலகை ஒன்று இருந்தது. கட்டில், கழிப்பறை, தண்ணீர், வலி, சர்ச், நாய் என்று படங்கள். காலிப்பர் படம் போட யாருக்கும் தோன்றவில்லை. நார்பர்ட் 'வலி'யைத் தொட்டுவிட்டு கராஜைக் காட்டினார். எலைன் முழங்காலில் மருந்து தேய்த்துவிட்டாள். கட்டிலைத் தொட்டு, கையைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். படுக்கையைத் திருப்பிப் போட்டாள், அதுவும் நல்ல மனதோடு, முதுகு வலிக்க வலிக்க. அதற்கு மேல் அவளைச் சோதிக்க அவருக்கு மனம் வரவில்லை. அன்று முழுக்கப் பலகையைத் தொடவில்லை.

பாட்டு மட்டும் வரும். இது பெரிய அதிசயம். சர்ச்சில் எல்லோரும் பாடும்போது நார்பர்ட் ஒரு சொல் தப்பாமல் முழுப் பாட்டையும் பாடுவார், பாட்டு நின்றதும் செவ்வாய்க்கிழமைக்குத் திரும்பிவிடுவார். வியாழக்கிழமை டுவெய்ன் எதற்கோ வந்தபோது, சொல்ல நினைப்பதைப் பாட்டாகப் பாடும்படி சொன்னான். நார்பர்ட் கண்ணை மூடி, 'திருகு கீழே இருக்கிறது, முட்டாளே' என்பதை ராகத்தில் ஏற்றி, மூச்சு இழுத்து ஆரம்பித்தார். வந்தது பிறந்தநாள் வாழ்த்து. அதுவும் கடைசி வரி வரைக்கும். டுவெய்ன் கைதட்டிவிட்டு, யாருக்குப் பிறந்தநாள் என்று எலைனிடம் விசாரித்தான்.

வெள்ளிக்கிழமை பிரேக்கில் காற்று எடுக்கிற வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்துத் திருகைத் திறந்து மூடுவார். வருவதாகச் சொன்ன நண்பன் வரவில்லை. டுவெய்ன் தலையைச் சொறிந்தான். மச்சானுக்கு இடது கால் நன்றாகத்தானே இருக்கிறது என்று அவனுக்கே தோன்றியது. நார்பர்ட்டை அணைத்துத் தூக்கி, மூச்சு வாங்க, ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தான்.

பிப்ரவரிக்குப் பிறகு அந்தச் சீட்டில் அன்றைக்குத்தான். தோல் சீட்டின் வாசனை அப்படியே இருந்தது. ஒரு நிமிஷம் நார்பர்ட் எல்லாவற்றையும் மறந்தார். பிறகு இடது காலை பெடலில் வைத்தார். பஞ்சு.

இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. கீழே இருப்பவன் 'பிடி' என்பான். மேலே இருப்பவன் மிதித்துப் பிடித்துக்கொண்டு 'பிடிச்சிருக்கேன்' என்று பதில் சொன்ன பிறகுதான் திருகைத் திறக்க வேண்டும். திறந்திருக்கும்போது பெடலை விட்டால் வெளிக்காற்றையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும், போட்ட பாடெல்லாம் வீண். பதில்தான் எல்லாம்.

"பிடி" என்றான் டுவெய்ன் சக்கரத்தடியிலிருந்து.

"செவ்வாய்க்கிழமை."

"இத நான் ஆமான்னு எடுத்துக்கறதா, இல்லன்னு எடுத்துக்கறதா, மச்சான்?"

"செவ்வாய்க்கிழமை."

டுவெய்ன் ஊர்ந்து வெளியே வந்து, எழுந்து, ஜன்னல் வழியாக எட்டி நார்பர்ட்டின் காலைப் பார்த்துவிட்டு, மறுபடி படுத்து உள்ளே போனான். ஒவ்வொரு முறையும் இப்படியே. முதுகைப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, முனகிக்கொண்டு. ஆயில் சுத்தமாக வந்தது, ஒரு குமிழி இல்லை. எப்படி வரும்? குமிழியெல்லாம் காலிப்பரின் கூரையில் ஒட்டிக்கொண்டு கீழே இருக்கிற வாசலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி நார்பர்ட்டைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

இரண்டு பக்கமும் முடித்துவிட்டு டுவெய்ன் கையைத் துடைத்தான். பெடலை ஒரு தடவை கையாலே அமுக்கிப் பார்த்தான். முகத்தைச் சுளித்தான். இன்னொரு தடவை அமுக்கினான்.

"கொஞ்சம் பஞ்சாத்தான் இருக்கு. புதுசுல்ல, ஓட ஓட சரியாயிடும். ரெண்டு மிதி மிதிச்சா நிக்குது. நாளைக்கு இது போதும், மச்சான். இறங்கு."

நார்பர்ட் இறங்கவில்லை.

டுவெய்ன் கையைக் கொடுத்தான். நார்பர்ட் இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். இடது காலை பெடலின் மேல் ஊன்றினார். ஒரு பக்கம் செத்த மனிதரின் மறுபக்கத்துக்கு எத்தனை வலு இருக்கும் என்று டுவெய்ன் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான். கெஞ்சினான், மிரட்டினான், இடுப்பில் கிச்சுக்கிச்சு மூட்டினான். செவ்வாய்க்கிழமை, செவ்வாய்க்கிழமை என்று நார்பர்ட் கத்தக் கத்த, அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. டுவெய்ன் கையை எடுத்துவிட்டான். வெளியே போய் அக்காவைக் கூப்பிட்டான்.

எலைன் ஹாம் சாண்ட்விச்சும் இஞ்சி சோடா பாட்டிலுமாக வந்தாள். கார் கதவுக்கு வெளியே நின்றபடியே, ஏறாமல், கையை மட்டும் நீட்டிக் கொடுத்தாள்.

"அவரோட காருதானே, கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறார். உனக்கென்ன அவசரம்?" என்றாள் தம்பியிடம்.

நார்பர்ட் சாண்ட்விச்சைத் தொடவில்லை. சோடாவை மட்டும் மடக் மடக் என்று பாதிவரை குடித்தார். எலைன் பாட்டிலை வாங்கி மூடியைத் திருகினாள். அவர் அதைப் பிடுங்கி, தலைகீழாகக் கவிழ்த்து, மூடி கீழே இருக்க, டாஷ்போர்டு மேல் நிறுத்தினார்.

எலைன் அதை நிமிர்த்தி வைத்தாள்.

அவர் மறுபடி கவிழ்த்தார்.

"பாரு" என்று முணுமுணுத்தான் டுவெய்ன். "மொத்தமா கழண்டுடுச்சு போல."

எலைன் கணவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நனைந்திருந்தது, மூக்கு ஒழுகியிருந்தது, வலது பக்கம் வழக்கம்போல் தொங்கிக்கொண்டிருந்தது. இடது வாயோரம் மட்டும் மயிரிழை மேலே போயிருந்தது.

அவள் பேச்சு சட்டென்று தணிந்தது. "இது அந்தத் தம்ளர் வித்தை" என்றாள். "டேய், உன் கல்யாணத்துல செஞ்சாரே, அது."

டுவெய்னுக்கு மறக்குமா? அவன் பெண்டாட்டி இன்னும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக்காட்டுகிறாள். இப்போதும் யாரோ தன்னை நனைக்கப் போகிற மாதிரி ஓரடி பின்னால் நகர்ந்தான்.

எலைன் குனிந்து பாட்டிலைக் கண்ணுக்கு நேராகப் பார்த்தாள். மூடி கீழே. சோடா கீழே. காற்று மேலே, பாட்டிலின் அடிப்பாகத்தில், போக வழியில்லாமல். நார்பர்ட் பெடலை மிதித்தார். பஞ்சு மாதிரி இறங்கியது. பாட்டிலைப் பார்த்தார். மறுபடி மிதித்தார்.

"எதையாவது தலைகீழா மாட்டியிருக்கியாடா?"

டுவெய்னுக்கு ரோஷம் வந்தது. எதுவும் தலைகீழாக இல்லை, ஒவ்வொரு போல்ட்டும் தன் கையால் முறுக்கியது, தலைகீழாக இருந்தால் மாட்டவே முடிந்திருக்காது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனான். எலைன் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு காரின் பின்பக்கம் போய், முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த வண்டிக்கு அடியில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இந்தக் குட்டித் திருகு எதுக்கு?"

"அது வழியாத்தான் காத்து வெளிய வரும்."

"காத்து மேல போகுமா, கீழ போகுமா?"

எலைன் பாட்டிலை மூடி கீழே இருக்க அந்தத் திருகுக்குப் பக்கத்தில் பிடித்தாள். டுவெய்னும் குனிந்து பார்த்தான். பாட்டிலைப் பார்த்தான், திருகைப் பார்த்தான், எழுந்து மறுபக்கம் போய் அந்தத் திருகையும் பார்த்தான். பிறகு ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். போலந்து மொழியில், தாத்தா காலத்து வார்த்தை. எலைன் அவன் தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

டுவெய்ன் ஜன்னல் பக்கம் வந்து நின்றான். வாரம் பூராவும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்களா என்று கேட்க நினைத்தவன் மாதிரி தெரிந்தது. கேட்கவில்லை. "பிறந்தநாள் பாட்டு எனக்குத்தானா, மச்சான்" என்றான்.

"செவ்வாய்க்கிழமை" என்றார் நார்பர்ட். அதில் முட்டாளே என்பது தெளிவாகக் கேட்டது.

இரண்டையும் கழற்றி இடம் மாற்ற மாலையாகிவிட்டது. நார்பர்ட் சீட்டை விட்டு நகரவில்லை. சாண்ட்விச்சை அங்கேயே சாப்பிட்டார். இப்போது திருகுகள் வானத்தைப் பார்த்தன.

"பிடி" என்றான் டுவெய்ன் கீழேயிருந்து.

நார்பர்ட் மிதித்துப் பிடித்தார். 'பிடிச்சிருக்கேன்' என்பது உள்ளே தயாரானது, சட்டை பேன்ட் போட்டுக்கொண்டது, பல் வரைக்கும் நடந்து வந்தது. இந்த ஒரு தடவையாவது, என்று அவர் வாயைத் திறந்தார்.

"செவ்வாய்க்கிழமை."

டுவெய்ன் எழுந்து வரவில்லை. ஜன்னலில் எட்டிப் பார்க்கவில்லை. திருகு திறக்கிற சத்தம் கேட்டது. சளி பிடித்த கிழவர் இருமுகிற மாதிரி புர்ர் என்று காற்று வெளியே வந்தது. பெடல் நார்பர்ட்டின் காலுக்கடியில் இறங்கியது. அவர் விடவில்லை.

"மூடிட்டேன். விடு."

விட்டார்.

"பிடி."

"செவ்வாய்க்கிழமை."

மறுபடி இருமல். அதற்குப் பிறகு இரண்டு பேரும் வேறெதுவும் பேசவில்லை. பிடி, செவ்வாய்க்கிழமை, விடு. பிடி, செவ்வாய்க்கிழமை, விடு. கராஜ் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எலைனுக்கு இரண்டு பேர் ஜெபமாலை சொல்கிற மாதிரி இருந்தது. இருமல் குறைந்துகொண்டே வந்து நின்றது. பெடல் கல் மாதிரி ஆனது. நார்பர்ட் அதன்மேல் காலை வைத்து, இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்து மிதித்தார். ஓர் அங்குலம் போனது, அதற்கு மேல் அசையவில்லை. உள்ளே மாட்டிக்கொண்டிருந்ததெல்லாம் போய்விட்டது. அவரைத் தவிர.

சனிக்கிழமை எலைன் நடுவில் ஏறி உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து, பியரோகி பாத்திரத்தைப் பிடித்த மாதிரியே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். டுவெய்ன் வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறக்கவில்லை. முன்னால் ஒரு சிவப்பு மஸ்டாங் கார், பின்னால் யாரோ ஓயாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். பாலம் வந்தது.

பாலத்துக்கு ஊர்வலமும் தெரியாது ஒன்றும் தெரியாது. மணி அடித்தது. மஸ்டாங் தப்பித்து அந்தப் பக்கம் போய்விட்டது. தடுப்புக் கட்டை ஆடிக்கொண்டே இறங்கியது. டுவெய்ன் மிதித்தான். அந்த நொடியில், பெடலே இல்லாத தரையில் நார்பர்ட்டின் இடது காலும் மிதித்தது. கார் மூக்கைத் தாழ்த்தி, கட்டைக்கு வெகு முன்னாலேயே நின்றது. நடுவில் ஒரு குதிரை வண்டி நிறுத்துகிற அளவுக்கு இடம்.

மூன்று பேரும் கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரோடு மெல்ல எழுந்து வானத்தைப் பார்த்து நின்றது. கல் ஏற்றிய நீளக் கப்பல் ஒன்று வந்தது. அது ஒரு அவசரமும் இல்லாமல் வந்தது. முன்னால் கட்டை, பின்னால் தெரு கொள்ளாத கார்கள். போகவும் முடியாது, திரும்பவும் முடியாது. இன்ஜின் மட்டும் சீட்டுக்கடியில் குமுறிக்கொண்டிருந்தது. எலைனின் முழங்கை நார்பர்ட்டின் இடது கை மேல் பட்டுக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் கிடந்த செத்த கைக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்தது.

அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. மழையில் அவள் நடந்து போன முதுகைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. அன்றைக்கே இறங்கிக் கூடவே நடந்திருக்க வேண்டியது. அப்போதே ஏன் பின்னாலும் டிஸ்க் போடவில்லை என்பது. படுக்கையைத் திருப்பிப் போட்டாளே, அது. எல்லாம் வரிசையில் வந்து, வாசலில் முட்டிக்கொண்டு நின்றன.

"செவ்வாய்க்கிழமை" என்றார்.

சனிக்கிழமை, மச்சான் என்று சொல்ல டுவெய்ன் வாயெடுத்தான். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

எலைன் கைப்பையை விட்டாள். அவருடைய இடது கையைப் பிடித்தாள், தொட்டால் தெரிகிற கையை.

"சரி" என்றாள். "பிடிச்சுக்கோ."

கப்பல் இன்னும் பாதிதான் தாண்டியிருந்தது.